வலது பக்கத்துக் காந்தம்

இரண்டு காந்தங்களில் ஒன்று அழுக்காக இருந்தது. மற்றது துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. விவரம் தெரியாதவர்கள் அழுக்கைப் பார்த்துத்தான் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுத்தம்தான் உறுத்தியது.

ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேகப் படகுகளுக்கு டிரைவ் கட்டுகிறவள். என்ஜின் படகுக்குள்ளே சொகுசாக உட்கார்ந்திருக்கும். டிரைவ் பின்பலகைக்கு வெளியே, தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். என்ஜினின் சுழற்சி அதற்குள் நுழைந்து, ஒருமுறை கீழே திரும்பி, இன்னொருமுறை பின்னால் திரும்பி, ப்ரொப்பெல்லரைச் சுற்ற வேண்டும். இரண்டு திருப்பங்களிலும் பல்சக்கரங்கள். எழுநூறு குதிரைச்சக்தியும் என் கட்டைவிரல் அகலமுள்ள பற்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். என்ஜின்காரர்கள் வருஷத்துக்கு ஐம்பது குதிரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நாங்கள் பல்லைப் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கினால் டிரைவ் தடித்துப் போகும், தண்ணீர் பிடித்து இழுக்கும், வேகம் போய்விடும். வேகமும் வேண்டும், உடையவும் கூடாது என்றால் நடுவில் கிடந்து நசுங்குவது என்னை மாதிரி ஆட்கள்தான்.

டிரைவின் அடியில் எண்ணெய் வடிப்பதற்கு ஓர் அடைப்பான் உண்டு. அதன் நுனியில் சின்னக் காந்தம். புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகுகிறவரை கொஞ்சம் உதிர்க்கத்தான் செய்யும். அந்தத் தூள் எண்ணெயில் குழைந்து காந்தத்தில் கண் மை மாதிரி அப்பியிருக்கும். நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய புது டிரைவில் அந்த மை இல்லாமல் இருக்கவே முடியாது. இந்தப் படகில் இரண்டு என்ஜின், இரண்டு டிரைவ்; இடது டிரைவில் மை இருந்தது. வலது டிரைவில் இல்லை. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே மேஜையில் கட்டியவள் நான்.

அன்றைக்கு எட்டு மணி நேரச் சோதனை. கடல் மீட்புத் துறைக்காக நாங்கள் செய்த படகு. காலையில் நான்கு மணி நேரம், பிறகு தூக்கி நிறுத்தி எண்ணெய் மாற்றி, மறுபடியும் நான்கு மணி நேரம். படகில் இரண்டு பேர். ஸ்டியரிங் பிடிப்பவள் என் நாத்தனார். வயது முப்பத்து நான்கு ஆகிறது, மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டரில் தண்ணீரின் மேல் பறப்பாள், வீட்டில் இன்னும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அவள் பக்கத்தில் த்ராட்டில், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல், பிடிப்பவர் அவளுடைய அண்ணன், என் வீட்டுக்காரர்.

த்ராட்டில் பிடிக்க எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று கேட்பார்கள். படகு அலையை விட்டு எகிறும்போது ப்ரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுற்றும். அந்த நொடியில் கையைத் தணிக்க வேண்டும். தணிக்காமல் விட்டால், படகு விழுந்து ப்ரொப்பெல்லர் தண்ணீரைக் கடிக்கிற நேரத்தில் மொத்த அடியும் என் பற்களின் மேல் விழும். டிரைவ் ஐந்நூறு மணி நேரம் உழைக்குமா ஐந்து மணி நேரத்தில் கையை விரிக்குமா என்பது பாதி என் கையில், பாதி அவர் கையில். அவர் கை நல்ல கை. அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடமும் பேசுவார், அது ஒன்றுதான் தொல்லை.

மதிய இடைவேளையில் துறை ஆய்வாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒல்லியான, மரியாதையான மனிதர். கையில் பதினோரு பக்கப் படிவம், சட்டைப்பையில் பிஸ்கட் பொட்டலம். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, என்னைப் பார்த்து, பிறகுதான் டிக் போடச் சொல்வார். நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரே படகுக்கு அடியில் போய் அடைப்பான்களைத் திருகி எடுத்தார். வழக்கமாக அதை நான்தான் செய்வேன். அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இதென்னங்க, வலதுல ஒண்ணுமே இல்ல?" என்றேன்.

"நல்லா கட்டியிருக்க. அதுக்கும் குறை சொல்லுவியா?"

"புதுப் பல்லு. கொஞ்சமாவது உதிரணுமே."

"உதிரலன்னா சந்தோஷப்படு. நீ ஒருத்திதான் நல்ல சேதியைக் கேட்டா அழுவ." அவர் சிரித்தார். பாப்பா தூரத்தில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் பேனாவை நீட்டினார்.

படிவத்தில் வரி தெளிவாக இருந்தது. அடைப்பான் காந்தத்தில் உலோகச் சில்லு: உண்டு, இல்லை. நான் இல்லை என்பதில் டிக் போட்டேன். போடும் முன் என் கை ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் கட்டிய டிரைவ், அதைப் பாராட்டி ஒருவர் பேசுகிறார், அதுவும் இருபது வருஷத்தில் என்னை அதிகம் பாராட்டாத மனிதர். நம்பிவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன்.

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். பாப்பா மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "அண்ணி, வந்ததும் எனக்கு நல்லா தூங்கணும், யாரும் எழுப்பக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். இரண்டு என்ஜின்களும் உறுமின. ஐந்து நிமிஷத்தில் படகு அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி வட்டப் பாதையில் ஓட ஆரம்பித்தது. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிஷம்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வடித்த எண்ணெய் இரண்டு தட்டுகளில் பட்டறை வாசலில் இருந்தது. இடது தட்டைச் சாய்த்துப் பார்த்தேன், வழக்கமான கறுப்பு. வலது தட்டை வெயிலுக்கு எடுத்துப் போய் மெதுவாகச் சாய்த்தேன். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கியதும் தட்டின் அடியில் என்னவோ மினுங்கியது. விரலால் தொட்டு எடுத்தேன். வெட்டிய நகத்துண்டு அளவு எஃகு. ஒரு பக்கம் கண்ணாடி போல வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பான சாம்பல் நிறம். வழவழப்பு நான் தேய்த்துப் பொருத்திய முகம். சொரசொரப்பு, அது பிய்ந்து வந்த இடம்.

பல்லின் மூலை. தட்டில் இது ஒன்று கிடந்தால் காந்தத்தில் இதைவிட அதிகம் ஒட்டியிருக்கும். ஒட்டியிருந்ததை யாரோ துடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அடைப்பானைக் கழற்றியது ஒரே ஓர் ஆள்தான்.

கோபம் வந்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை, பயம்தான் முழுசாக வந்தது. உள்ளே இன்னும் எத்தனை துண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று தெரியாது. ஒரு துண்டு இரண்டு பற்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் வலது டிரைவ் அப்படியே இறுகி நின்றுவிடும். இடது டிரைவ் எழுநூறு குதிரையோடு தள்ளிக்கொண்டே இருக்கும். நூற்றிருபதில் போகிற படகு ஒரு பக்கம் நின்று மறுபக்கம் ஓடினால் என்ன ஆகும் என்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் படகில் இருந்தவர்களைத் தண்ணீரில் தேட வேண்டியிருந்தது.

ஆய்வாளரிடம் ஓடினேன். துண்டைக் காட்டினேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. உடனே படகை நிறுத்தச் சொல்லும் சைரன் பெட்டியின் மேல் விரலை வைத்தார்.

"கையை எடுங்க!" என்று கத்தினேன். பிஸ்கட் பொட்டலம் கீழே விழுந்தது.

"நிறுத்தத்தானே மேடம் சொல்றீங்க?"

"சைரன் கேட்டா அவர் ஒரே இழுப்புல த்ராட்டிலை விட்டுடுவார். அப்படித்தான் பழகியிருக்கார். அப்படி விடவே கூடாது."

"ஏன்?"

"இப்போ என்ஜின் தள்ளுது, பல்லு ஒரு பக்கமா அழுந்திப் பிடிச்சிருக்கு. திடீர்னு விட்டா ப்ரொப்பெல்லர் திருப்பித் தள்ளும், பல்லு மறுபக்கம் அடிக்கும். உடைஞ்சு தொங்கிட்டிருக்கறது அந்த அடியில விழுந்துடும். கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும் சார். தூங்குற குழந்தையைக் கீழே விடற மாதிரி இறக்கணும்."

அவர் வானொலியை எடுத்தார். மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை, இருக்கவும் இருக்காது. ஹெல்மெட்டுக்குள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளலாம். கரையின் குரல் படகின் பலகையில் மாட்டிய பெட்டியில்தான் வரும். அந்தச் சத்தத்தில் அது கேட்பதற்குப் படகு நின்றாக வேண்டும். நிற்க வைப்பதுதான் இங்கே கேள்வியே.

"நான் முனைக்குப் போறேன்" என்றேன். "யாரும் சைரனைத் தொடாதீங்க. எது நடந்தாலும்."

"எது நடந்தாலும்னா?"

ஓடினேன்.

அலைத்தடுப்புச் சுவர் அரை கிலோமீட்டர் நீளம். அதன் முனையில் ஒரு விளக்குக் கம்பம். படகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த முனைக்கு முப்பது நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும் மிதவையில் திரும்பும். திருப்பத்தில் அவர் கையைக் கொஞ்சம் தணிப்பார். படகு நிமிர்ந்ததும் விளக்குக் கம்பத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முழுசாகத் தள்ளுவார். அந்தக் கம்பம்தான் அவருக்கு அடையாளம். அந்த ஒரு பார்வையில் நான் அங்கே இருக்க வேண்டும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. இரும்புப் பூண் வைத்த கனமான ஷூ வேறு. பாதி வழியில் என்ஜின் சத்தம் நெருங்கியது. திரும்பிப் பார்த்தால் படகு மிதவையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தலைதெறிக்க ஓடுவதை அவர் பார்த்துவிட்டால் என்ன செய்வார்? ஏதோ விபரீதம் என்று பதறி, கையை விட்டுவிடுவார். சைரனும் நானும் ஒன்றாகிவிடுவோம்.

அப்படியே சுவரின் மேல் உட்கார்ந்தேன். காற்று வாங்க வந்தவள் மாதிரி. நெஞ்சு வாய்க்கு வந்துவிடும்போல் அடித்துக்கொள்கிறது, நான் காலை ஆட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிறேன். படகு திரும்பியது. இரண்டு டிரைவ்களின் சத்தமும் தனித்தனியாக என் காதுக்குத் தெரியும். இடது ஒரே சீராகப் பாடியது. வலதில் அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு கரகரப்பு, விட்டு விட்டு. ஆய்வாளருக்குக் கேட்காது. பாப்பாவுக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

படகு போன பிறகு எழுந்து மறுபடி ஓடினேன். நான்கு நிமிஷம் இருக்கிறது, அல்லது அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓடும்போது என் காதெல்லாம் முதுகுப் பக்கம்தான் இருந்தது. சத்தம் நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு தரம் கவனித்தேன். ஒருமுறை காற்று திசை மாறிச் சத்தம் அறவே நின்றது. என் உயிரே என்னிடம் இல்லை. மறுபடி சத்தம் வந்ததும் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் ஓடினேன்.

கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைச் சட்டைக்கையால் துடைத்தேன். கையை ஆட்டக்கூடாது. கத்தக்கூடாது. குதிக்கக்கூடாது. படகைத் துறையில் கட்டும்போது கரையிலிருப்பவர் காட்டுகிற சைகை ஒன்று உண்டு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மெதுவாக, மிக மெதுவாக இறக்குவது. மெதுவாக இறக்கு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் என் கை நடுங்கியது. நடுங்குகிற கையைக் கண்டால் பதறுவார் என்று இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

படகு வந்தது. மூக்கு தூக்கி, வெள்ளையாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. மஞ்சள் ஹெல்மெட், வெள்ளை ஹெல்மெட். கரகரப்பு இப்போது இரண்டு மடங்கு அடிக்கடி கேட்டது. மிதவையில் பாப்பா அழகாகத் திருப்பினாள். அவள் ஓட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் பயம் தெரியாது. படகு நிமிர்ந்தது. வெள்ளை ஹெல்மெட் கம்பத்தின் பக்கம் திரும்பியது.

நான் கையை நீட்டினேன். இறக்க ஆரம்பித்தேன்.

அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. சத்தம் ஏறியது. தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். என் கை பாதியில் நிற்கப் பார்த்தது, நிற்க விடாமல் இறக்கினேன். ஏறிய சத்தம் அந்த இடத்திலேயே நின்றது. பிறகு இறங்கியது. ஒரு படி. இன்னொரு படி. அவருடைய கையை நாற்பது மீட்டர் தள்ளி நின்று நானே பிடித்து இறக்குவதுபோல் இருந்தது. எண்பது இருக்கும், அறுபது இருக்கும், நாற்பது. படகின் மூக்கு தாழ்ந்து தண்ணீரில் பதிந்தது. என் கை தொடையைத் தொட்டது.

ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தபோது வலது பக்கத்தில் கனமாக ஓர் ஓசை கேட்டது, இரும்புப் பெட்டியைச் சம்மட்டியால் அடித்ததுபோல. வலது என்ஜின் திணறி அணைந்தது. படகு சோம்பேறித்தனமாக அரை வட்டம் சுற்றி நின்றது. அவ்வளவுதான். நூற்றிருபதில் வந்திருக்க வேண்டிய உடைப்பு, நடக்கிற வேகத்தில் வந்தது. நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இடது டிரைவோடு மெல்ல வந்து சேர்ந்தார்கள். படகைத் தூக்கியதும் நானே அடியில் போய் வலது அடைப்பானைக் கழற்றினேன். காந்தமே தெரியவில்லை. சில்லும் துண்டும் அப்பி, நடுவில் ஒரு முழுப் பல். அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இப்போ உடைஞ்சதா அண்ணி?"

"முழுசா விழுந்தது இப்போ. ஆரம்பிச்சது காலையிலயே."

"அப்போ மத்தியானம் காந்தத்துல ஏதும் இல்லையா?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பூசி மெழுகத் தெரியாத மனிதர், அது ஒரு நல்ல குணம். "இருந்துச்சு" என்றார். "நான் துடைச்சுட்டேன்."

"துடைச்சுட்டியா?"

"மூணாவது மணியில ஒரு அலையில என் கை லேட்டாயிடுச்சு பாப்பா. உனக்கே தெரியும், தூக்கிப் போட்டுச்சே. அதுல வந்த சில்லு. சின்னதுதான். இன்னும் நாலு மணி நேரம் தாங்கிடும்னு நெனச்சேன். காட்டினா உங்க அண்ணி பயந்துடுவா. போன தடவை சில்லு வந்தப்போ பத்து நாள் தூங்காம கிடந்தா, நீயும் பார்த்தல்ல."

"அண்ணி பயந்துடுவாங்க" என்றாள் பாப்பா. அவள் குரல் உயரவே இல்லை. "அவங்க கரையில பயப்படாம இருக்கணும். அதுக்காகத் தெரிஞ்சே என்னைக் கூட்டிட்டுப் போய் நூத்திருபதுல உட்கார வெச்சே. ஏண்ணா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நானும்தானே பாப்பா உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணா?"

எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவளே கொட்டிக்கொண்டிருந்தாள், எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. அவளைக் காப்பாற்றிய ஆள் நான். கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றிருப்பேன்.

பாப்பா மேஜைமேல் கிடந்த படிவத்தை எடுத்தாள். ஆறாம் பக்கத்தைப் புரட்டி என் டிக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இடது காந்தம் எப்படி இருந்துச்சு அண்ணி?"

"கறுப்பா. எப்பவும் போல."

"வலது?"

"சுத்தமா."

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்க. இதைக் கட்டினதும் நீங்கதான். உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

தோணலை என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். ஆய்வாளருக்கு அந்த நேரத்தில் காதே இல்லை. ஒரு வார்த்தையில் நான் அவளுக்கு நல்ல அண்ணியாகவே இருந்திருக்கலாம்.

"தோணுச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். படிவத்தை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையில் நனைந்த அதன் உட்புறத்தைத் தன் சட்டையால் துடைத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இந்த டிரைவைத் திருப்பிக் கட்டுங்க அண்ணி. நல்லா கட்டுவீங்க, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. அடுத்த சோதனையில அண்ணன் ஓட்டட்டும், பக்கத்துல நீங்க உட்காருங்க. காந்தத்தை நான் பார்க்கறேன்."

இருபது வருஷத்தில் எத்தனையோ டிரைவ் கட்டியிருக்கிறேன். அவற்றில் ஒன்றின்மேலும் முழு வேகத்தில் உட்கார்ந்ததில்லை. யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டேன். அது இன்னும் சூடாக இருந்தது.